திடலும் பாட்டும் கதையும்: கேமரன் மலைத் தோட்டத் தமிழின் வரலாற்றில் ஒரு பகுதி

பிரிஞ்சாங்கிலிருந்து வடக்கே கம்போங் ராஜாவை நோக்கிச் செல்லும் மலைச்சாலையில் அமைந்த சிற்றூர் திரிங்காப். காய்கறித் தோட்டங்களும் நெகிழிக் கூரையிட்ட பூங்காடுகளும் சாலையின் இருமருங்கையும் நிறைத்திருக்க, அவற்றுக்கு அப்பால் தேயிலைச் சரிவுகள் தென்படும். சில ஆண்டுகளுக்கு முன் அவ்வட்டாரத் தோட்டப் பேச்சைக் குறித்துக்கொள்ளச் சென்றிருந்த நாம், கொழுந்தெடுத்துக் கை ஓய்ந்த மூதாட்டியார் ஒருவரிடம், "இங்கே திடல் எங்கே இருந்தது, அம்மா?" என்று வினவினோம். அவருக்கு விளங்கவில்லை. மீண்டும் கேட்டோம். சற்று நேரம் நம் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாடாங்கா தம்பி கேக்குறீங்க? அந்தா, மேல. படம் போட்டதும் அங்கதான், பந்து வெளாண்டதும் அங்கதான், கூத்துக் கட்டுனதும் அங்கதான்" என்றார்.

தமிழ் மொழியியலில் முனைவர்ப் பட்டம் பெற்ற ஒருவர் தமிழில் கேட்ட வினா, தமிழையன்றி வேறு மொழியில் வாழ்ந்தறியாத ஒருவருக்கு விளங்காமற் போயிற்று. அவருடைய விடையோ, நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட மூன்று பொருள்களையும் ஓரிடத்தில் வைத்துக் காட்டிவிட்டது: பாட்டும் கூத்தும், கதையும் படமும், ஆட்டமும். மக்கள் பண்பாடு என்று இக்காலத்தில் பெயரிட்டு வழங்கும் இம்மூன்றையும் மொழி வரலாற்றின் புறவாயிலிலேயே நிறுத்திவைத்தது நம் கல்வி மரபு. மலேசியத் தமிழின் வரலாற்றை எழுத முற்படுவோர்க்கு அது பெரும் இழப்பு என்பது நம் கருத்து. அதனை விளக்கவே இவ்வுரை.

முதலில் இம்மலையின் கதையைச் சுருக்கமாகக் கூறுவோம். வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் 1885இல் இம்மேட்டுநிலத்தைக் கண்டு குறித்தார். எனினும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இது பெரும்பாலும் காடாகவே கிடந்தது. ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலை நிறுவனம் தோன்றியது. தாப்பாவிலிருந்து மேலேறும் சாலையும் ஏறத்தாழ இதே காலத்தில் அமைந்தது. காடழித்துச் சரிவுகளில் தேயிலை நட்டவருள் தமிழ்த் தொழிலாளர் பெரும்பங்கினர். 1938இல் இந்திய அரசு உதவிபெற்றுக் குடியேறும் உடலுழைப்புத் தொழிலாளர் மலாயாவுக்குச் செல்வதைத் தடைசெய்தது. ஆகவே இம்மலைத் தோட்டங்கள் தாயகத்திலிருந்து புதிய ஆட்களைப் பெற்ற காலம் பத்தாண்டு அளவே. மேற்குக் கரை ரப்பர்த் தோட்டங்களைப் போல இரண்டு மூன்று தலைமுறை வரவு இங்கு இல்லை. வந்தவர்களின் மக்களும் பேரரும் இங்கேயே வளர்ந்து, இங்குள்ள சீனரோடும் மலாய்க்காரரோடும் பழங்குடியினரோடும் பழகி, தமக்கென ஒரு பேச்சை உருவாக்கிக்கொண்டனர். மொழியியலார்க்கு இச்சிறு செய்தி மிகப் பெரிது.

இனித் திடல் என்னும் சொல்லுக்கு வருவோம். மேடான நிலம், ஆற்றிடைத் திட்டு என்பன அதன் பழம்பொருள்கள். தமிழ்நாட்டில் அது கூட்டம் கூடும் வெளியையும் குறிக்கும். மலேசியத் தமிழ் ஏடுகளும் பள்ளிகளும் அதனை விளையாட்டு வெளிக்குரிய சொல்லாக நிலைநிறுத்தின. சரிவே நிலமாகிய தேயிலை மலையில் சமமான ஓரிடம் அரிய பொருள். லயங்களுக்கு அண்மையில் அத்தகைய வெளி ஒன்று கிடைத்தால் அது ஒரு பயனுக்கு மட்டும் உரியதாக இராது. 1948 முதல் 1960 வரை நீடித்த நெருக்கடி காலத்தில் அரசாங்கத்தின் நடமாடும் திரைப்பட வண்டிகள் தோட்டங்களுக்குச் சென்று வெட்டவெளியில் படம் காட்டின. அறிவுரைப் படத்தைப் பொறுத்துக்கொண்டால் கதைப்படம் கிடைக்கும் என்று மக்கள் காத்திருந்த காலம் அது. பகலில் பந்து உருண்ட வெளியில் இரவில் திரை கட்டப்பட்டது. அதே வெளியில் திருவிழாக் கூத்தும் நடந்தது. மூதாட்டியார் நமக்குச் சொன்னது இதைத்தான்.

ஆட்டத்தைப் பற்றிச் சற்று விரித்துரைப்பது தகும். மலேசியத் தமிழின் ஆட்டச் சொற்கள் தமிழ்நாட்டுச் சொற்களினின்றும் வேறாக வளர்ந்துள்ளன. இவற்றை இருநாட்டு ஆசிரியரும் அறிந்திருத்தல் நன்று. தமிழ்நாட்டில் தடகளம் எனப்படுவது இங்கே திடல்தடம். அங்கே பூப்பந்து என்றால் பந்தை மட்டையால் அடித்தாடும் வேறோர் ஆட்டம்; இங்கே அது இறகுப்பந்தின் பெயர். அங்குள்ள நாளேடுகள் கால்பந்து என்று எழுத, இங்குள்ளவை காற்பந்து என்று புணர்ச்சி விதியைப் போற்றி எழுதுகின்றன. காலால் ஆடும் பந்து என்று வேற்றுமைப் பொருளில் விரிவதால் லகரம் றகரமாதல் முறையே. அவ்விதியை இவ்வளவு கருத்தோடு காத்த அதே ஏடுகள் திடல்தடத்தை மட்டும் விட்டுவைத்தன. நன்னூலைக் கடுமையாக இயக்கியிருந்தால் அது 'திடறடம்' ஆகியிருக்கும். நல்லவேளை, விளையாட்டுச் செய்தி எழுதியவர்கள் இலக்கணத்தைவிட வாசகரை நன்கறிந்திருந்தார்கள்.

இச்சொற்கள் யாரால் பரவின? அகராதியால் அல்ல. வெற்றி பெற்றவர்களைப் பற்றிப் படிக்க மக்கள் விரும்பியதால் பரவின. 1966ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மணி ஜெகதீசன் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை அவர் 20.92 நொடியில் ஓடிப் படைத்த தேசியச் சாதனை 2017 வரை நிலைத்தது. அதே பாங்காக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றவர் எம். ராஜாமணி. இவர் பிறந்த ஊர் தாப்பா, அதாவது நம் மலைச்சாலை தொடங்கும் அடிவாரம். 1964இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடிய இவர், 1966இல் நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருதை முதன்முதலில் பெற்றார். ஒரு தமிழ்ப்பெண் குறுங்காற்சட்டையணிந்து ஓடுவதைப் பற்றி வீட்டு முற்றங்களில் எத்தனை பேச்சு எழுந்திருக்கும் என்பதை அக்காலத் தமிழ்க் குடும்பங்களை அறிந்தோர் எண்ணிப் பார்க்கலாம். 'வீராங்கனை' என்னும் சொல்லைப் புராணத்திலிருந்து இறக்கி ஓட்டப்பாதையில் நிறுத்திய பெருமையில் இத்தகைய பெண்களுக்கும் பங்குண்டு.

காற்பந்தில் இரா. ஆறுமுகத்தின் பெயரை மறந்தவர் இலர். கோல் காவலரான அவரை நீண்ட கைகளுக்காகச் 'சிலந்தி மனிதன்' என்னும் ஆங்கிலப் பட்டப்பெயரிட்டு நாடே அழைத்தது. அவர் இடம்பெற்ற மலேசியக் குழு 1980இல் தென்கொரியாவை வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது. ஆனால் அரசாங்கம் புறக்கணிப்பில் சேர்ந்ததால் அக்குழு செல்லவில்லை. ஆறுமுகம் 1988இல் சாலை விபத்தில் மறைந்தார். அக்குழுவின் கதையைத் தழுவி 2016இல் வெளிவந்த 'ஓலா போலா' என்னும் மலேசியப் படத்தில் கோல் காவலரின் பெயர் முத்து. அவர் வீட்டிற்குள் பேசப்படும் மொழி தமிழ். பல இனத்தாரும் திரையரங்கில் அமர்ந்து அத்தமிழைக் கேட்டனர். ஆட்டம் கதையாகி, கதை திரையேறி, நம் மொழியைப் பிறர் செவிக்குக் கொண்டுசென்றது. எந்த மொழி வாரமும் இதனைச் செய்ததில்லை.

பாட்டின் வரலாறு வேறு வழியில் சென்றது. தோட்டத்துக்கு வந்தவர்கள் கூடையோடு பாட்டையும் கொண்டுவந்தார்கள். தாலாட்டும் ஒப்பாரியும் அவர்களோடு வந்தவை. கப்பலையும் கங்காணியையும் பற்றிய பாடல்கள் வந்த பின் பிறந்தவை. இலங்கை மலையகத்தில் சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் நூலாயிற்று. மலேசியாவில் இரா. தண்டாயுதம், முரசு நெடுமாறன் முதலியோர் இத்துறையில் உழைத்தனர். இவ்விரு நாட்டுத் தொகுப்புகளையும் அருகருகே வைத்துப் படிக்கும் மாணவர், லயம், துரை, கங்காணி, பிரட்டு என்னும் சொற்கள் கடல் கடந்தும் ஒன்றாக இருப்பதைக் காண்பர். இவை ஊர்ச் சொற்கள் அல்ல. தோட்டத் தொழில் என்னும் ஆட்சிமுறையின் சொற்கள். எங்கெல்லாம் அம்முறை சென்றதோ அங்கெல்லாம் சென்றன.

போருக்குப் பின் 1946இல் தொடங்கிய மலாயா வானொலியில் தமிழ்ப் பிரிவு இருந்தது. அது பின்னாளில் வானொலி ஆறு எனவும், இப்போது மின்னல் பண்பலை எனவும் வழங்குகிறது. தோட்டத்தில் ஒருவர் வீட்டில் வானொலி இருந்தால் அவ்வரிசை முழுவதும் கேட்கும். வானொலி தமிழ்நாட்டுத் திரைப்பாடலை மட்டும் கொணரவில்லை. செய்தித் தமிழையும் நாடகத் தமிழையும் கொணர்ந்தது. தோட்டத்துச் சிறுவர்கள் இருவகைத் தமிழைச் செவிவழியே பிரித்தறியக் கற்றுக்கொண்டார்கள். இலக்கண வகுப்பில் இரட்டை வழக்கு என்று நாம் கற்பிப்பதை அவர்கள் வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்து கற்றனர்.

இப்போது இளைஞர் இசைக்கு வருவோம். பெரியோர் சிலர் இவ்விடத்தில் முகம் சுளிக்கக்கூடும். 1970களில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் கறுப்பின இளைஞரிடையே பிறந்த ஹிப்-ஹாப் இசை, 1990களில் கோலாலம்பூர்த் தமிழ் இளைஞரை எட்டியது. 'பொயட்டிக் அம்மோ' என்னும் குழுவில் முதன்மையாக ஆங்கிலத்தில் பாடிய யோகி பி, பின்னர் 'நட்சத்ரா' குழுவினருடன் 2006இல் 'வல்லவன்' என்னும் தமிழ் இசைத்தொகுப்பை வெளியிட்டார். 'நிழல்கள்' படத்துக்கு 1980இல் இளையராஜா அமைத்த பாடல் ஒன்றைத் தழுவி அதில் செய்யப்பட்ட 'மடை திறந்து' தமிழ்நாடு வரை சென்று புகழ்பெற்றது. மறு ஆண்டே 'பொல்லாதவன்' படத்தில் யோகி பியின் குரல் ஒலித்தது. 2016இல் மலேசியாவைக் களமாகக் கொண்ட 'கபாலி' வந்தபோது அதன் பாடலில் மலேசியச் சொல்லிசைக் கலைஞர் ரோஷன் ஜாம்ராக்கும் இடம்பெற்றார்.

இதில் வரலாற்று முதன்மை எங்குள்ளது? நெடுங்காலமாகப் பாட்டு ஒரே திசையில், சென்னையிலிருந்து இங்கு வந்தது. 2006இல் அது திரும்பிச் சென்றது. ஒரு புலம்பெயர்ச் சமூகத்தின் நாவசைவு தாயகத்து இளைஞரின் பாட்டு முறையைத் தொட்டது. சொல்லிசையின் தன்மை நம் யாப்பு மாணவர்க்கு அயலானதன்று: எதுகை, மோனை, இயைபு என்பவற்றை அது விடாது தேடுகிறது, சீர்களை விரைந்து அடுக்குகிறது. வண்ணமும் கும்மியும் அறிந்த செவிக்கு அது புதிதாக இராது. எனினும் ஒன்றை மறைக்காமற் கூறுவோம். அப்பாடல்களில் ஆங்கிலம் மிகுதி. மலேசியத் தோட்டத்தின் சொல் நாம் எதிர்பார்க்கும் அளவுக்கு இல்லை. உலகுக்குப் பாட விரும்பும் இளைஞர் தம் பாட்டியின் சொல்லைப் பெட்டியில் வைத்துவிட்டே மேடையேறுகிறார். திருவிழா வீதியில் உறுமி மேளம் அடிக்கும் பிள்ளைகளைப் பற்றி ஆண்டுதோறும் நாம் வாதம் செய்கிறோம். அவர்கள் திரைப்பாடலைத் தெய்வத்தின் முன் வாசிப்பது சரியா என்பது வேறு வழக்கு. ஆனால் தோட்டத்துக் கோயிலின் தோற்கருவியை நகரத்து அடுக்குமாடிக்குக் கொண்டுவந்து காப்பாற்றியவர்கள் அவர்களே என்பதையும் வழக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

புனைகதையின் நிலை இதற்கு மாறானது. அங்கே பாட்டியின் சொல் தங்கியுள்ளது. மலேசியத் தமிழின் முதல் நாவலெனக் கருதப்படும் க. வெங்கடரத்தினத்தின் 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி' 1917இல் வெளிவந்தது. தலைப்பே அதன் காலத்து நடையைக் காட்டும். 1924இல் தோன்றிய தமிழ் நேசன், 1935இல் தோன்றிய தமிழ் முரசு ஆகிய ஏடுகள் கதை எழுதுவோரை வளர்த்தன. 1950இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனில் 'கதை வகுப்பு' நடத்தினர். 1952இல் கு. அழகிரிசாமி அவ்வேட்டின் ஆசிரியராக வந்து சேர்ந்தார். இடைசெவலின் பேச்சைக் கதையில் வைத்து எழுதிய அவர், இந்நாட்டு இளம் எழுத்தாளர்க்கு வாய்த்தது நற்பேறு என்றே கூறுவோம். பாத்திரம் தன் மொழியில் பேசலாம் என்னும் துணிவு மெல்ல வேரூன்றிற்று. தொண்ணூற்று நான்கு ஆண்டுகள் வாழ்ந்த தமிழ் நேசன் 2019 பிப்ரவரி முதல் நாளோடு நின்றுபோனதை இங்கே வருத்தத்தோடு நினைக்கிறோம்.

கா. பெருமாளின் 'துயரப் பாதை', ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை' என்று தோட்டமும் போரும் நெருக்கடியும் நாவல்களாயின. தமிழ்நாட்டிலிருந்து வந்து கண்டு சென்ற அகிலன் 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். இவ்வரிசையைப் பார்க்கும் எவரும் ஒன்றை உணர்வர்: இவற்றில் மரம் என்றால் பால்மரம். ரப்பருக்குக் கிடைத்த கதைவளம் தேயிலைக்குக் கிடைக்கவில்லை. வால்பாறைத் தேயிலைக்கு 'எரியும் பனிக்காடு' இருக்கிறது. அதன் வழியே 'பரதேசி' என்னும் படமும் வந்தது. இலங்கைத் தேயிலைக்கு ஓர் இலக்கியமே இருக்கிறது. கேமரன் மலையின் கொழுந்துக்கூடையும் குளிரும் அவற்றுக்கு நிகரான ஒரு பெருங்கதைக்கு இன்னும் காத்திருக்கின்றன. இவ்வவையில் அமர்ந்திருக்கும் மாணவருள் யாரேனும் ஒருவர் அதனை எழுதக்கூடும்.

2015இல் சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி வெளிவந்த 'ஜகாட்' என்னும் தமிழ்ப் படம் மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. தோட்டத்தை இழந்து வெளியேறிய குடும்பத்துச் சிறுவன் ஒருவனின் கதை அது. நம்மைப் பெரிதும் ஈர்த்தது அதன் பெயர். தீயவன், பொல்லாதவன் எனப் பொருள்படும் 'ஜஹாட்' என்னும் மலாய்ச் சொல்லின் தமிழ் வடிவமே ஜகாட். இதனைச் சிதைவு என்போர் உளர். சிதைவன்று, இலக்கணம். தமிழில் உயிர்களுக்கிடையே வரும் ககரம் மெலிந்து ஹகரத்தை ஒட்டி ஒலிக்கும். ஆகவே மலாய் ஹகரத்துக்குத் தமிழர் வாயில் இயல்பாகவே ககரம் அமைந்தது. ரப்பரைக் குறிக்கும் மலாய்ச் சொல் 'கித்தா' ஆனதையும், பிரம்பைக் குறிக்கும் சொல் 'ரோத்தான்' ஆனதையும் நோக்குக. உயிரிடைத் தனித்தகரம் தமிழில் மெலிந்து ஒலிப்பதால், மலாயின் வல்லொலியைக் காக்கத் தகரம் இரட்டித்தது. சிற்றூரைக் குறிக்கும் 'கம்போங்' பழைய தோட்டப் பேச்சில் 'கம்பம்' ஆகி, மரம், பணம் என்பன போல மகர ஈற்றுப் பெயர்களின் வரிசையில் சென்று அமர்ந்தது. 'கம்பத்துக்குப் போனான்' என்று அத்துச் சாரியையும் பெற்றது. எழுத்தறியாத தொழிலாளர் எவ்வித அவையையும் கூட்டாமல் தொல்காப்பியம் கூறும் வடசொல் நெறியை மலாய்ச் சொற்களுக்கு நீட்டினர்.

இத்தகைய சொற்களைத்தான் நாம் பல்லாண்டுகள் மாணவர் கட்டுரையில் சிவப்பு மையால் அடித்தோம். பிறரைக் குறைகூறவில்லை, நம் கையே அதைச் செய்தது. தேர்வுக்குரிய கட்டுரையில் பொதுத்தமிழ் வேண்டும் என்பதில் இன்றும் நமக்கு ஐயமில்லை. ஆனால் அடித்தபின் அச்சொல்லை ஓர் ஏட்டில் எடுத்தெழுதி வைத்திருந்தால் இன்று ஓர் அகராதி கையிலிருக்கும். இராம. சுப்பையா 1969இல் 'தமிழ் மலேசியானா' என்னும் நூற்பட்டியலைத் தொகுத்து, இந்நாட்டில் அச்சான தமிழ் நூல்களைக் காத்தார். அச்சாகாத சொற்களுக்கு அத்தகைய பட்டியல் வேண்டும். ம. நவீனின் 'பேய்ச்சி' நாவலை 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு தடைசெய்தபோது எழுந்த வாதத்தில், அதன் பாத்திரங்கள் பேசும் வசவுகள் பெரிதும் அடிபட்டன. அந்நூலை விரும்புவதும் வெறுப்பதும் அவரவர் உரிமை. வசவும் ஒரு வட்டாரத்தின் மொழிச் சான்று என்பதை நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்?

காலம் மிகுதியாக இல்லை என்பதற்கு மலையே சான்று. இன்று கேமரன் மலைச் சரிவுகளில் கொழுந்தெடுப்போர் பெரும்பாலும் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். கூடையும் விரலும் இருந்த இடத்தில் கத்தரியும் இயந்திரமும் வந்துள்ளன. தமிழ்ப் பிள்ளைகள் படித்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிச் சென்றார்கள், செல்ல வேண்டியதே. அவர்களோடு ஆட்டச் சொல்லும் பாட்டும் சென்றன. கொழுந்துக் காட்டின் சொற்கள் மட்டும் இறங்கவில்லை, நகரத்தில் அவற்றுக்கு வேலை இல்லையாதலால்.

மூதாட்டியார் காட்டிய மேட்டுக்கு அன்று மாலை நாம் ஏறிச் சென்றோம். வெளிநாட்டுத் தொழிலாள இளைஞர் சிலர் பந்தாடிக்கொண்டிருந்தனர். ஒருவரிடம் இவ்விடத்தின் பெயர் என்னவென்று மலாயில் கேட்டோம். "பாடாங்" என்றார். அன்றிரவு குறிப்பேட்டில் முதலில் எழுதியிருந்த 'திடல்' என்னும் சொல்லை அடிக்காமல், அதன் கீழே 'பாடாங்' என்று எழுதி, வழங்குவோர் என்னும் கட்டத்தில் இருவரையும் குறித்துக்கொண்டோம்.